அளவுக்கு நின்றவன்

ஜட்டி இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்ன வேலை என்று கேட்டீர்கள், பேட்டர்ன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்றேன், உடனே ‘ஜட்டி கம்பெனிங்களா’ என்றீர்கள். திருப்பூர்க்காரனைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற கேள்விதான், கோபமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் நான் அட்டையில் வரைந்து வெட்டியது ஆண்களின் நீச்சல் உடுப்பு. எல்லாம் ஏற்றுமதி. ஜட்டி உள்ளே போடுவது, யாரும் பார்க்கக்கூடாது. நீச்சல் உடுப்பு வெளியே போடுவது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துணியின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு. இந்தச் சின்ன வித்தியாசம் சிலருக்குப் புரியாததால் ஒரு மனிதனின் கல்யாணம் நின்றுபோனது.

இந்த பஸ்ஸில் கோபி வரைக்கும் போகிறீர்களா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

பேட்டர்ன் மாஸ்டர் என்றால், துணியில் கத்தி படுவதற்கு முன்னால் அளவு போடுகிறவன். நான் போட்ட கோடு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? முதல் உருப்படியைத் தைத்து ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பொம்மைக்குப் போடலாம், ஆனால் பொம்மை குனியாது, உட்காராது. வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் உயிருள்ள ஆளைக் கேட்பார்கள். மீடியம் சைஸ் ஆள். இடுப்பு முப்பத்திரண்டு, அதற்குக் கீழே முப்பத்தெட்டு. அரை அங்குலம் கூடக்கூடாது, குறையக்கூடாது. கம்பெனி முழுக்க டேப்பை எடுத்துக்கொண்டு நாலு நாள் சுற்றினேன். ஒருவனுக்கு வயிறு, ஒருவனுக்கு வயிறே இல்லை. கடைசியில், தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் பிரிவில் தெய்வசிகாமணி அகப்பட்டான். குன்னத்தூர்க்காரன். அப்போது இருபத்தைந்து வயது. டேப் அவனைச் சுற்றி வந்து சரியாக முப்பத்தெட்டில் நின்றது. நம்பாமல் இன்னும் இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

“இதப் போட்டுக்கிட்டு நிக்கோணுமுங்களா மாஸ்டர்?”

“நிற்கவும் வேண்டும், குனியவும் வேண்டும், உட்காரவும் வேண்டும்.”

“யாரெல்லாம் இருப்பாங்க?”

“நான். ஒரு கேமரா.”

“மூஞ்சி தெரியுமுங்களா?”

“கழுத்தோடு நிறுத்திவிடுவேன்.”

“அப்பச் செரிங்க” என்றான். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒன்பது வருடம் அந்த ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. அவன் தலை இருக்கிற ஒரு படம்கூட எந்த நாட்டுக்கும் போகவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் அறையில் கட்டிங் மேசை மேல் ஏறி நிற்பான். நான் குண்டூசி குத்திக்கொண்டே பேசுவேன். வாயில் நாலு குண்டூசி இருக்கும், அப்படியும் பேசுவேன். எனக்கு வாசிக்கிற பழக்கம் உண்டு. எந்த நாட்டுக்கு வெட்டினாலும் அந்த நாட்டுக்காரன் ஏன் இப்படி உடுத்துகிறான் என்று தெரிந்துகொள்ளாமல் கத்தரியை எடுக்கமாட்டேன்.

“சிகாமணி, இது பிரேசில். பக்கவாட்டில் நாலு விரல் அகலம். சுங்கா என்பார்கள். கடற்கரையில் பெரிய வக்கீலும் இதுதான், இளநீர் விற்கிறவனும் இதுதான்.”

“அப்படீங்களா மாஸ்டர்.”

“அமெரிக்காக்காரனுக்கு முழங்கால் வரை தொங்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு அங்கே போனால் ஊரே சிரிக்கும். இத்தனைக்கும் தொண்ணூறு வருடம் முன்னால் அங்கே சில ஊர்களில் ஆண்கள் மார்பை மூடாமல் கடலில் இறங்கினால் அபராதம்.”

“ஆம்பளைங்களுக்குங்களா?”

“ஆம்பளைகளுக்குத்தான். பிரான்சில் வேறு கதை. நகராட்சி நீச்சல் குளத்தில் தொளதொளவென்று போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள். ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். சுத்தம் கருதிச் சட்டம்.”

“அப்ப நம்மூர்ல எதுங்க மாஸ்டர்?”

“நம் ஊரில் துண்டு. வாய்க்காலில் இறங்கும்போதும் அதுதான், ஏறித் துவட்டும்போதும் அதுதான்.”

“அதுக்குப் பேட்டர்ன் வேண்டியதில்லீங்களே. உங்க வேலை போயிருமுங்க.”

இப்படிப் பேசுவான். மேலே நின்றுகொண்டு, நாலு விரல் துணியோடு, கையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஆஸ்திரேலியாவில் இந்தக் குட்டை உடுப்புக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதைச் சொன்ன அன்று சிரித்துச் சிரித்து மூன்று குண்டூசி அவனுக்குக் குத்திவிட்டது. முன் சீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், அந்தப் பெயரை இங்கே சொல்வதற்கில்லை.

மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரி காலமான பிறகு நான் ஓட்டலில் வாங்கி வருவேன். அவன் அம்மா கட்டிக் கொடுத்த கம்மஞ்சோற்றில் பாதி எனக்கு வந்துவிடும். நான் பேசுவேன், அவன் அப்படீங்களா என்பான். வேறு ஒருவரும் கேட்டதில்லை. கேட்க ஆரம்பிப்பார்கள், பிறகு மணி பார்ப்பார்கள். நீங்களும் ஒருமுறை பார்த்தீர்கள். பரவாயில்லை.

அவனுக்கு முப்பத்துநாலு ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிலம் இருக்கிறதா, சொந்தத் தொழிலா, கார் இருக்கிறதா. செக்கிங் பிரிவில் வேலை என்றால் ஜாதகத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஏழு வருடம் அவன் அம்மா கோயில் கோயிலாகப் போனது. கடைசியில் ஊத்துக்குளியில் ஒரு பெண் அமைந்தது. பூங்கோதை. ஆஸ்பத்திரி லேபில் வேலை. அப்பா இல்லை, தாய்மாமன் வளர்த்த பெண். மாமன் பெயர் சென்னியப்பன். உறுதி செய்து தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். தை மாதம் கல்யாணம்.

அந்த இரண்டு மாதம் சிகாமணி மேசை மேல் நின்றால் காலைத் தரையில் வைக்கிற மாதிரியே இல்லை. போன் அடித்தால் அப்படியே குதித்து இறங்கி, வேட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடுவான். திரும்பி வந்து மேலே ஏறுவான். நான் விட்ட இடத்திலிருந்து ஜப்பானைத் தொடர்வேன். “சொல்லுங்க மாஸ்டர்” என்பான், ஆனால் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒன்பது வருடத்தில் இரண்டு மாதம் கேட்காவிட்டால் என்ன?

மார்கழி முதல் வாரம் சென்னியப்பன் எனக்குப் போன் செய்தார். “மாஸ்டருங்களா? ஊத்துக்குளி சென்னியப்பனுங்க. பத்திரிகை அடிக்கக் குடுக்கறமுங்க, உங்க பேரையும் போடோணும்னு மாப்பிள்ளை சொன்னாப்ல, இனிசியல் என்னங்க?” சொன்னேன். “மாப்பிள்ளை கம்பெனில எப்படீங்க, நல்லா வேலை பாக்கறாப்லயா?” என்றார். “பார்க்கிறான்” என்றேன். “என்ன வேலைங்க பாக்கறாப்ல?” என்றார். “செக்கிங்” என்றேன். “அப்படீங்களா” என்று வைத்துவிட்டார்.

அந்த ‘அப்படீங்களா’ எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் ஒரு சந்தேகம் இருந்தது. சிகாமணி சொல்கிற அப்படீங்களா வேறு, இது வேறு. யாரோ போய் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கம்பெனியில் அயர்ன் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளை துணியில்லாமல் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான் என்று அரையும் குறையுமாக யாராவது சொல்லியிருந்தால்? அரைகுறையாகத் தெரிவதைப் போல ஆபத்து வேறில்லை. முழுசாகத் தெரிந்துவிட்டால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். நான் அப்படித்தான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளிக்குப் போனேன். சிகாமணியிடம் சொல்லவில்லை, கூச்சப்படுவான்.

“வாங்க வாங்க மாஸ்டர்” என்று சென்னியப்பன் வாசலுக்கே வந்துவிட்டார். “மாப்பிள்ளை எந்நேரமும் உங்க பேச்சுத்தானுங்க.” உள்ளே இரண்டு ஒரம்பரைக்காரர்கள், சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வோம், உட்கார்ந்திருந்தார்கள். பெண் டூட்டிக்குப் போயிருந்தது. மிக்சர் வைத்தார்கள்.

“உங்களுக்கு மனதில் ஒரு சந்தேகம் இருக்கும்” என்று ஆரம்பித்தேன்.

“எனக்கொண்ணும் இல்லீங்களே.”

“இருக்கும்” என்றேன்.

பையிலிருந்து நாலு உருப்படியை எடுத்து டீப்பாயில் மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக விரித்தேன். பிரேசில், பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா. காபியோடு வந்த சென்னியப்பன் வீட்டம்மா அதைப் பார்த்தது, காபியோடு உள்ளே போய்விட்டது. நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். எந்த நாட்டில் எது மரியாதை, எது மரியாதைக் குறைவு, எவ்வளவு வருடத்தில் எப்படி மாறியது. நன்றாகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கம் என்பது உடம்பில் இல்லை, ஊரில் இருக்கிறது, ஊருக்கு ஊர் அதற்கு அளவு மாறும் என்றேன். பிறகு அவர்களுக்குச் சுலபமாக விளங்கட்டுமே என்று, “நீங்கள் கூடுதுறையில் ஆற்றில் முழுகும்போது எதைக் கட்டிக்கொள்கிறீர்கள்? துண்டு. உங்கள் அப்பா? கோவணம். அது எத்தனை விரல் அகலம் இருந்தது?” என்று சென்னியப்பனைக் கேட்டேன்.

ஒரம்பரையில் ஒருத்தர், “பெரியவருக்கு ஆறு விரலாவது வேணுமுங்க” என்று சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

“இதையெல்லாம் எதுக்குங்க மாஸ்டர் எங்களுக்குக் காட்டறீங்க?”

“இதைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான் உங்கள் மாப்பிள்ளையின் வேலை. செக்கிங் என்பது மீதி நேரத்துக்கு.”

சென்னியப்பன் மிக்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட நேரத்தில் சான்று காட்டுவதுதான் முறை. போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். முன்னால், பக்கம், பின்னால். “பாருங்கள், தலை இல்லை. யார் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன்.

“தலையில்லாம இது மாப்பிள்ளைதான்னு எப்படீங்க தெரியும்?” என்றார் சிரித்த அந்த ஒரம்பரைக்காரர்.

நியாயமான கேள்வி. “முழங்காலுக்கு மேலே அந்தத் தழும்பைப் பாருங்கள். பம்புசெட் பெல்ட் அறுந்து அடித்தது. அவன் அம்மாவைக் கேளுங்கள், சொல்லும்” என்றேன். படத்தைப் பெரிதாக்கியும் காட்டினேன்.

சென்னியப்பன் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார். “செரிங்க மாஸ்டர். தெரிஞ்சுக்கிட்டமுங்க” என்றார். தெரிந்துகொண்டோம் என்றுதான் சொன்னார். எனக்குப் பெரிய திருப்தி. வருகிற வழியில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சிகாமணி என் அறைக்கு வந்தான். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றான். “மாஸ்டர், ஊத்துக்குளி போயிருந்தீங்களா?”

“போனேன். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டேன். அவர்கள் படிக்காதவர்கள், கொஞ்ச நாள் ஆகும்.”

அவன் மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பரவால்லீங்க மாஸ்டர்” என்றான். போய்விட்டான்.

பரவாயில்லை என்றுதான் சொன்னான். அவன் என் மேல் வருத்தப்பட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டானா? ஒன்பது வருடப் பழக்கம். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. செக்கிங் பிரிவில் வேலை அதிகம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தது. பூங்கோதை. நான் அதைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும்.

“மாஸ்டருங்களா? அவரு என்ன வேலை பாக்கறாருன்னு எனக்கு மொத நாளே சொல்லிட்டாருங்க. பேச ஆரம்பிச்ச மொத நாளே.”

“அப்படியா? பிரான்ஸ் சட்டத்தையும் சொன்னானா?”

“எல்லாஞ் சொன்னாருங்க. நீங்க சொன்னதா, ஒவ்வொரு நாடா சொல்லுவாரு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குமுங்க. நான் லேப்ல இருக்கறவ, மனுசன் ஒடம்பு எனக்குப் புதுசுங்களா? மாமனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், கல்யாணத்துக்குப் பொறவு மெதுவாச் சொல்லிக்கலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தமுங்க.”

“நான் மாமாவிடம் இன்னொரு முறை வந்து…”

“உங்கள யாருங்க வரச் சொன்னா?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு பதில் ஆகாது, அதற்குப் பின்னணி இருக்கிறது, அந்தப் போனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் ஆரம்பிப்பதற்குள் அது அழுகிற சத்தம் கேட்டது. “மாமந்தானுங்க என்னைப் படிக்க வெச்சாரு. அவரத் தாண்டிப் போக எனக்கு முடியாதுங்க” என்றது. வைத்துவிட்டது. என்னை விளக்கவே விடவில்லை.

பிறகு வேலை வேலை என்று ஓடிற்று. பிரேசிலுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மாசியில் சிகாமணியை மேசை மேல் ஏறச் சொன்னேன். ஏறினான், கையைத் தூக்கினான். உடுப்பு பின்னால் தொங்கியது. வீடியோவில் பார்த்த, சரக்கு வாங்குகிற அந்த நாட்டுக் கம்பெனி அம்மாளும் தொங்குகிறது என்றது. நான் அட்டையில் கால் அங்குலம் குறைத்தேன். பங்குனியில் மறுபடி நிறுத்தினேன், மறுபடி தொங்கியது. மறுபடி குறைத்தேன். எனக்கு என் கோட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயதாகிறது, கண் போகிறது, கணக்குத் தப்புகிறது என்று இரவெல்லாம் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டேப் என் கழுத்தில்தான் கிடந்தது. ஆனால் அவனைச் சுற்றி ஒருமுறை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்பது வருடம் அவன்தான் எனக்கு மீடியம். அளவுகோலை யாராவது அளப்பார்களா?

சரக்கு போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டில் ஒரு மீடியம் ஆளுக்கும் அது ஏறவில்லை. முழுவதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

முதலாளி என்னைத் திட்டவில்லை, அட்டையை மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் சிகாமணியைக் கூப்பிட்டேன். ஏறவேண்டாம், கீழேயே நில் என்றேன். கையைத் தூக்கினான். டேப்பைச் சுற்றினேன். முப்பத்தைந்தரை. மறுபடி சுற்றினேன். டேப்பை இழுத்துப் பிடிக்காமல், அது தானாகப் படிகிற மாதிரி விட்டுப் பார்த்தேன். அதே முப்பத்தைந்தரை.

“சாப்பிடுகிறாயா சிகாமணி?”

“சாப்பிடறனுங்க மாஸ்டர்.”

கையைத் தூக்கியே வைத்திருந்தான். இறக்கு என்று நான் சொல்லவில்லை, அதனால் இறக்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்ன சொன்னேன் தெரியுமா? ஜப்பானில் பள்ளிக்கூடப் பையன்கள் நம் கோவணம் மாதிரியே சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நீந்தப் பழகினார்கள் என்று சொன்னேன். அவன் போனுக்கு ஓடிய நாட்களில் பாதியில் நின்றது அதுதான். அவன் அப்படீங்களா என்று சொல்லவில்லை. அழுதானா என்று கேட்டால், இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

அடுத்த மாதம் பெருந்துறைப் பக்கம் ஒரு நூல்மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டான். சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தப் பெண்ணுக்கு வெள்ளகோவிலில் இடம் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வேறு ஆள் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அளவு சரியான ஆள்தான். நான் பேச ஆரம்பித்தால் காதில் பாட்டு மாட்டிக்கொள்வான்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம். இப்போது நான் எங்கே போகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே. குன்னத்தூருக்கு. சிகாமணி வீட்டுக்கு. அந்தியூரிலிருந்து பெண் வீட்டார் இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்களாம். மளிகைக் கடையில் அவன் அம்மாவைப் பார்த்த ஒருவர் சொன்னார். முதல் கல்யாணம் சரியில்லாமல் வந்துவிட்ட பெண், இவனுக்கும் நாற்பத்திரண்டு. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறந்திருப்பார்கள், கல்யாண வேலை என்றால் அப்படித்தான். ஆனால் பழைய விஷயம் யார் வாயிலாவது அரைகுறையாக அவர்கள் காதில் விழுந்தால்? அந்தப் படங்கள் இன்னும் எங்கேயோ இருக்கத்தானே செய்யும்? சரியாகத் தெரிந்த ஒருத்தன் பக்கத்தில் இருந்து பக்குவமாக எடுத்துச் சொன்னால் நல்லது. இந்தப் பையில் நாலு உருப்படி இருக்கிறது. இந்த முறை கோவணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை.

இதோ, குன்னத்தூர் வந்துவிட்டது. பேக்கரிக்குப் பக்கத்தில் நிறுத்துவான்.

அது அவன்தான். வெள்ளைச் சட்டை. கையில் பூப்பொட்டலம். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறான், அவர்களைக் கூப்பிட்டுப் போக வந்திருப்பான். ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்க்கிறான் பாருங்கள். எதிரே நிற்கிறதே, அது அந்தியூர் வண்டியாகத்தான் இருக்கும்.

நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இல்லை, இன்னும் கொஞ்சம். என்னை மறைக்கிற மாதிரி. அப்படியே இருங்கள்.

எனக்கு இங்கிருந்து தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வண்டியிலிருந்து இறங்குகிறார்களா? எத்தனை பேர்? பெண்களும் இருக்கிறார்களா? அவர்கள் முகம் எப்படி இருக்கிறது?

அவன்?

சிரிக்கிறானா. நன்றாகப் பார்த்தீர்களா?

கண்டக்டர், நான் இறங்கவில்லை. கோபிக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள். தெரியும், குன்னத்தூர் என்றுதான் சொன்னேன். இப்போது கோபி.

வண்டி நகர்ந்துவிட்டதா? சரி, நீங்கள் வசதியாக உட்காருங்கள். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, தூங்குவதானால் தூங்குங்கள். நான் பேசமாட்டேன்.